டீசேர்ட்டுக்கு அரைப்பேர் போச்சு

தேயிலைத் தோட்டப் பாதையில் ஓட்டப்போட்டி, உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால் நான் உடனே கை தூக்குகிற ஆள். நான்கு தடவை போயிருக்கிறேன். இனியும் போவேன். ஆனால் போன தடவை நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது.

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கம் ஒரு முடக்கில் என்னை நிறுத்தினார்கள். சனிக்கிழமை, விடிய ஐந்து மணி. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனி. ஓடுகிறவனுக்கு உடம்பு சூடேறிவிடும், நிற்கிறவனுக்குத்தான் குளிர். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போயும் அட்டை விடவில்லை. தண்ணீர், சீனியும் உப்பும் கரைத்த போத்தல்கள், வாழைப்பழம், ஒரு சீ.ஆர். கொப்பி. கடக்கிற ஒவ்வொருவருடைய இலக்கத்தையும் நேரத்தையும் அந்தக் கொப்பியில் எழுத வேண்டும். தண்ணீர் கொடுப்பதைத்தான் படம் பிடிப்பார்கள். ஆனால் ஒருவர் காணாமல் போனால் எங்கிருந்து எதுவரை தேடுவது என்று சொல்வது கொப்பிதான்.

அன்று ஓர் இலக்கம் வரவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருகிற தொண்டரே வந்துவிட்டார், அவரும் பார்க்கவில்லையாம். அந்த முடக்கில் சிக்னலும் கிடையாது, மாடசாமி கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். நான் ஏறிப் பேசிவிட்டு இறங்குவதற்குள், கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா அந்தப் பையனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்துவிட்டார். நாங்கள் கட்டிய ரிப்பன் அவிழ்ந்து கிடந்திருக்கிறது. பையன் கான் (வடிகால்) ஓரமாகவே இறங்கி, கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான்.

"ரிப்பன எதுக்கு தேயில வாதுல கட்டுனீங்க? கொழுந்து எடுக்கிற கை பட்டா அவுந்துதானே போகும்" என்றார் அக்கா. நமக்கு அது தோன்றவேயில்லை.

இறங்கி ஏறியதில் அவருக்குக் கொழுந்து நிறை குறைந்து, அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. அப்போதைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024இல்தான். அதில் பாதி போனது. மேடையில் நன்றி சொன்னார்கள், டீசேர்ட் போட்டிருந்த எங்களுக்கு.

தொண்டென்றால் காசு பேசக்கூடாது என்பார்கள். மாதச் சம்பளம் வாங்கி, சனி ஞாயிறு லீவில் வருகிறவருக்கு அது சரி. எனக்கும் சரி. நாட்சம்பளக்காரரிடம் சும்மா வந்து நில் என்பது ஒரு நாள் கூலியை நன்கொடை கேட்பதுதான். பஸ் காசும் சாப்பாடும் போக, ஒரு முழுப்பேருக்கான, அதாவது ஒரு நாள் சம்பளப் பணத்தையும் கையில் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

அதற்கும் முன்னால், பாதை குறிக்கும்போதே அவர்களைக் கேளுங்கள். எந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறது, எந்தப் படி பாசி பிடித்திருக்கிறது, எந்தக் கான் மழைக்குப் பெருகும் என்பதெல்லாம் கூகுள் மேப்பில் வராது. நூறு பேர் தடதடவென்று ஓடிக் குளவி கிளம்பினால், மாட்டுவது ஓடுகிறவர் மட்டுமல்ல, பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவரும்தான்.

கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, தேயிலை மலைகளூடாகப் போகிற பீக்கோ நடைபாதை வந்துவிட்டது. இனி இந்தப் பக்கம் நடையும் ஓட்டமும் கூடும். வரட்டும், சந்தோஷம்தான். கொழுந்து சுமக்கப் போட்ட பாதைகள்தானே அதில் பல.

அடுத்த ஓட்டத்துக்கு இருபது ஆள் வேண்டும் என்று நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்கள். "எத்தனை பேருக்குச் சம்பளம் தருவீர்கள்?" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.