கையில்தான் போன் இருந்ததே, தம்பி

சனிக்கிழமை சாயங்காலம் நம் தெரு நூலகத்து மாடியில், மியான்மரிலிருந்து மீண்டு வந்த பையன் பேசிய கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நேரில் வந்தவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். மற்றவர்கள் அந்த நாற்பது விநாடி வீடியோவில் பார்த்தீர்கள். அதனால் யார், எந்தத் தெரு என்பதையெல்லாம் நான் திரும்ப எழுதப்போவதில்லை. பையனின் பெயரையும் எழுத மாட்டேன். கமெண்டில் யாராவது எழுதினால் அழித்துவிடுவேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். வேலை என்று நம்பிப் போய், மியான்மர் எல்லையில் ஒரு ஆன்லைன் மோசடிக் கம்பெனியில் அடைபட்டுக் கிடந்து, அடிபட்டு, உயிரோடு வந்து நிற்கிற ஒருவனிடம் "ஏன் தப்பிச்சு வரல?" என்று கேட்காதீர்கள்.

"கையிலதான் போன் இருந்துச்சே தம்பி, ஒரு போன் அடிச்சிருக்கலாமே?" கூட்டத்தில் ஒரு அண்ணன் அவனிடம் கேட்ட கேள்வி இதுதான். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு வீடியோ முடிந்துவிடுகிறது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் வீடியோவில் இல்லை, அதனால் சொல்கிறேன். அவன் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் மைக் ஒருமுறை கீச்சென்று கத்தியது. நாமெல்லாம் காதைப் பொத்தினோம். அவன் இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். நிமிர்ந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை, மைக்காரரைப் பார்த்து "சாரிண்ணா" என்றான். அவன் எதற்கு சாரி சொல்ல வேண்டும்?

அந்தக் கேள்விக்கு அவன் பதிலும் சொன்னான். போன் அவனுடையது இல்லை, கம்பெனியுடையது. அதில் என்ன தட்டினாலும் சூப்பர்வைசர் திரையில் தெரியும். அவனுடைய போனை முதல் நாளே பாஸ்போர்ட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேச விடுவார்கள், ஸ்பீக்கரில், பக்கத்தில் ஆள் நிற்க. "நல்லா இருக்கேம்மா, ஏசி ரூம்" என்று சொல்ல வேண்டும். சொன்னான். அதைக் கேட்டு அவன் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் தின்றேன்.

சரி, ஓடியிருக்கலாம் என்கிறீர்கள். எங்கே ஓடுவது? பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம் என்று சொல்லி டூரிஸ்டாக ஏற்றி அனுப்புகிறார்கள். விமான நிலையத்திலிருந்து கார் ஊருக்குள் போகாமல் எட்டு மணி நேரம் போய் மே சொட் என்கிற எல்லை ஊரில் நிற்கிறது. அங்கே மோய் ஆறு. தாண்டினால் மியாவாடி, மியான்மர். கையில் அந்த நாட்டு விசா இல்லை. அதாவது கரையில் கால் வைத்த நிமிடமே அவன் சட்டப்படி குற்றவாளி. திரும்பி நீந்தி வந்தாலும் தாய்லாந்தில் கள்ளத்தனமாக நுழைந்தவன். இந்தப் பூட்டைப் போட்ட பிறகு, மதில் மேல் துப்பாக்கியோடு நிற்கிற காவலாளிகூட அவர்களுக்குத் தேவையில்லை. இருந்தும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆன்லைனில் ஆளை ஏமாற்றிப் பணம் பறிக்கிற டார்கெட்டை முடிக்காதவனுக்கு முதல் நாள் சாப்பாடு கிடையாது. அடுத்த நாள் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் தவளை மாதிரி குதிக்க வேண்டும், ஐநூறு தடவை. அப்புறம் கரண்ட் குச்சி. அதற்கும் மசியாதவனை வேறு கம்பெனிக்கு விற்றுவிடுவார்கள். இவனை ஒருமுறை விற்றார்கள். விற்ற விலை புதுக் கம்பெனியில் இவன் பெயரில் கடனாக ஏறியது. தன்னை வாங்கிய காசைத் தானே உழைத்து அடைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவன் குரல் நடுங்கவில்லை. ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்வது மாதிரி சொன்னான். எனக்குத்தான் வயிறு பிசைந்தது.

ஒரு ஆள் ஏமாந்த கதை இல்லை இது. 2022 அக்டோபரில் இதே மியாவாடியிலிருந்து 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள், எல்லா டிவியிலும் காட்டினார்கள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் இப்படி மோசடி வேலைக்குப் பிடித்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னார்கள். 2025 மார்ச்சில் நம் விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களைக் கூட்டிவந்தன. லட்சக்கணக்கான பேருக்கு ஓடத் தெரியவில்லை என்றா சொல்கிறீர்கள்? அத்தனை பேரும் கோழைகளா?

"பேராசைதான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு இருநூறு லைக். எண்பதாயிரம் சம்பளத்துக்கு ஆசைப்படுவது இந்த ஊரில் எப்போதிலிருந்து பேராசை ஆயிற்று? ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் ஒருவன் அந்தச் சம்பளம் வாங்கினால் திறமை, வியாசர்பாடிப் பையன் ஆசைப்பட்டால் பேராசையா? அவன் அம்மா சங்கிலியை அடகு வைத்து ஒன்றரை லட்சம் ஏஜென்ட் கையில் கொடுத்தார். ஏஜென்ட் யாரோ வெளியூர்க்காரன் இல்லை, அவனோடு கேரம் ஆடியவனின் அண்ணன். அரசாங்கம் எச்சரித்ததே என்கிறீர்கள். எச்சரித்தது, உண்மைதான், பேப்பரில் வந்தது. ஆனால் கேரம் ஆடியவனின் அண்ணன் வீட்டுக்கு வந்து டீ குடித்தான்.

இன்னொன்று, "அவனும் நாலு பேரை ஏமாத்தித்தானே இருப்பான்." இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. என் மச்சானே பகுதி நேர வேலை என்று நம்பி 1,80,000 ரூபாய் இழந்தவர். அந்தப் பணத்தை எடுத்த மெசேஜை இவனை மாதிரி ஒருவன்தான் தட்டியிருப்பான். மச்சானிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடிச்சு வாங்கினானா, அடி வாங்கிட்டு வாங்கினானா, அதப் பாரு" என்றார். பணம் போனவரே இப்படிச் சொல்கிறார். ஒரு ரூபாய் இழக்காதவர்கள்தான் கமெண்டில் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இஸ்திரிப் பெட்டி கிடையாது. பள்ளிக்கூட யூனிபார்ம் முதல் எல்லாமே தெருமுனை இஸ்திரி வண்டிக்குத்தான் போகும். காரணம் எங்கள் பெரியம்மா. 1998இல் காசிமேட்டிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். 2001இல் திரும்பி வந்தபோது இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, முக்கோணமாக, முனை மணிக்கட்டைப் பார்த்து. எண்ணெய் தெறித்துவிட்டது என்றார். எண்ணெய் முக்கோணமாகவா தெறிக்கும்? யாரும் கேட்கவில்லை. 2013இல் என் கல்யாணத்துக்கு நண்பர்கள் இஸ்திரிப் பெட்டி பரிசு கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றே பெரியம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார். என் மனைவிக்குக் கோபம், எனக்கும்தான். அன்று ராத்திரிதான் சொன்னார். எஜமானியம்மாவின் கறுப்பு அங்கியில் ஒரு மடிப்பு சரியாக விழவில்லையாம்.

நானும் கேட்டேன், "ஓடி வந்திருக்கக் கூடாதா பெரியம்மா?"

"எங்க நைனா ஓடுறது? தெருப்பேரு தெரியாது, பாஷ தெரியாது. பாஸ்போட்டு அவங்க பீரோவுல. வெளிய வந்து போலீஸ்ல நின்னா, ஓடிப்போனவன்னு எழுதி அந்த வீட்டுக்கே திருப்பிக் கொண்டாந்து விடுவாங்க. ஒருத்திய விட்டாங்க. அப்புறம் அவ நடக்கல."

அவர் சொன்னதற்குச் சட்டமும் துணை. குவைத்தில் எஜமானை விட்டுப் போனால் தலைமறைவு வழக்குப் போடலாம். அடித்தவர் வீட்டில் இருப்பார், அடிபட்டவர் தேடப்படுவார். இது புதிதும் இல்லை. 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் நம் சென்னைக் கரையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு. அப்போது இங்கே துறைமுகமே கட்டவில்லை, படகில்தான் கப்பலுக்குப் போக வேண்டும். அங்கே முதலாளி எழுதிய சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. ஓடினார்கள். பிடித்து அடைத்தார்கள். ஆக, ஓடுவதைக் குற்றமாக்கி வைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்கிற வழக்கம் நமக்குப் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளில் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்களை மீட்டார்கள் என்று எத்தனை முறை செய்தி வந்தது. மாதவரம் தாண்டினால் செங்குன்றம், நம் பஸ் போகிற ஊர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும், சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளையை ஆலையில் விட்டுவிட்டுப் போ என்பார்கள் முதலாளிகள். கதவு திறந்துதான் இருக்கும். பெற்றவள் எப்படி ஓடுவாள்?

சட்டமும் இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆள்கடத்தலுக்கான பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 370, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 143. சுரண்டுவதற்காக ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ ஆசைகாட்டியோ சேர்த்தால், அவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்று அதிலேயே விளக்கம் போட்டிருக்கிறது. சட்டம் கேட்கக் கூடாது என்று விட்ட கேள்வியை நாம் மைக் போட்டுக் கேட்கிறோம்.

உனக்கு என்ன இவ்வளவு கோபம், நீ என்ன யோக்கியனா என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். இல்லை. அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

2009. அப்போது நாங்கள் கொடுங்கையூரில் இருந்தோம். எதிர்வீட்டு மாடியில் பை தைக்கிற பட்டறை. பீகார்ப் பையன்கள். காலை ஆறு மணிக்கு ஒருவன் மட்டும் பச்சைக் குடத்தோடு தெருத் தொட்டிக்குத் தண்ணீருக்கு வருவான். பதினொரு வயது இருக்கும். வலது ஆள்காட்டி விரலில் நீல ரெக்சின் துண்டைச் சுற்றித் தையல் நூலால் கட்டியிருப்பான். ஊசி ஏறிய விரலுக்குக் கட்டு, அவன் தைக்கிற பையின் துணியிலேயே. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பெயர் கேட்டேன். அவன் மாடியை நிமிர்ந்து பார்த்தான், குடம் பாதிகூட நிறையவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கடைசி செமஸ்டர். ராத்திரி ஒரு மணிக்கும் மெஷின் சத்தம். நான் போய்ப் பட்டறைக்காரரிடம் புகார் சொன்னேன். சத்தத்தைப் பற்றி. அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஜன்னல்களை எல்லாம் அட்டை வைத்து அடைத்துவிட்டார். மே மாதம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான் நிம்மதியாகப் படித்தேன்.

1098 என்கிற குழந்தைகள் உதவி எண் அப்போதே இருந்தது. எனக்கும் தெரியும். நான் அடிக்கவில்லை. வேறு யாரோ அடித்து, இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் வந்து பதினாலு பையன்களை வேனில் ஏற்றினார்கள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. "கீழ கதவு திறந்துதான கெடந்துச்சு, ஓடியிருக்கலாமே?" என்று கேட்டது யார் தெரியுமா? நான்தான். சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

கையில் போன் இருந்தது எனக்கு. அந்தப் பையனுக்கு இல்லை.

அதனால்தான் சனிக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எழுந்து கத்தினேன். மேடைக்கு மரியாதை இல்லாமல் நடந்துகொண்டேன் என்று நூலகத்தார் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். கத்தியதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேள்வி கேட்ட அண்ணனிடம் கேட்க மாட்டேன். "ஊர்ல ஒருத்தரும் கேள்வியே கேக்கக் கூடாதா" என்று அவர் எழுதியிருக்கிறார். கேளுங்கள் அண்ணா. ஒன்றரை லட்சம் வாங்கியவனைக் கேளுங்கள். அவன் போன வாரம்கூட மூலக்கடையில் பைக்கில் போனான், நீங்களும் பார்த்து கை காட்டினீர்கள்.

நேற்று காலை பால் வாங்கப் போனபோது பையனின் அம்மா நின்றிருந்தார். "அந்தப் படத்த எப்படிப்பா எடுக்குறது?" என்று கேட்டார். பையன் மூன்று நாளாக மாடியை விட்டு இறங்கவில்லையாம். இரண்டு பேர் அவனிடமே வீடியோவை அனுப்பி, சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள்.

வீடியோ போட்டவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும், நமக்குப் பொது நண்பர்களே எண்பது பேர். இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.