வராத பணத்துக்கு வரி, இருக்கிற பணத்துக்கு வேட்டு

மார்ச் 20-ஆம் தேதியைத் தாண்டிவிட்டால் போதும், ஆண்டு முழுவதும் எங்கள் பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள் எல்லோரும் என் வரியைப் பற்றிப் பேச வந்துவிடுகிறார்கள். காப்பீட்டு முகவர் வருகிறார், இயந்திர விற்பனையாளர் வருகிறார், கார் ஷோரூமிலிருந்து அழைப்பு வருகிறது, எல்லோர் வாயிலும் ஒரே வாசகம்: "31-ஆம் தேதிக்குள் செலவைக் காட்டிவிடுங்கள் சார், வரி மிச்சமாகும்." எட்டுப் பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு, பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இந்த வாசகத்தைக் கேட்டாலே வயிறு எரிகிறது. செலவு செய்வதற்கு என் கையில் பணம் எங்கே இருக்கிறது? நான் பில் போட்ட பணம் முழுவதும் சரக்கை வாங்கியவர்களின் கணக்கில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 27-ஆம் தேதி ஒரு வாடிக்கை நிறுவனத்துக்கு 6,00,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினேன். அன்றைக்கே இறக்கி, சரிபார்த்து, டெலிவரி சலானில் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி 1,08,000 ரூபாய். மூலப்பொருள் வாங்கும்போது நான் ஏற்கெனவே கொடுத்த உள்ளீட்டு வரியைக் கழித்தது போக மீதியைப் பிப்ரவரி 20-க்குள் என் பணத்திலிருந்து கட்டினேன், ஏனென்றால் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் வரி போயே ஆக வேண்டும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மார்ச் 15 முன்கூட்டிய வரியின், அதாவது ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வருமான வரியின், கடைசித் தவணை. நிலுவை முறையில் கணக்கு எழுதுகிறவன் என்பதால், பில் போட்ட நாளே அது எனக்கு வருமானம். எனவே அந்தச் சரக்கின் லாபத்துக்கும் சேர்த்தே வருமான வரியைக் கட்டினேன். கட்டாமல் விட்டால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. இப்படி இரண்டு வரிகளையும் கட்டி முடித்தாயிற்று, அந்த 6 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், எழுத்துமூல ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது போதவில்லை என்றுதான் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள்: கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது, கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். இனி மார்ச் மாதத்தில் நாம் அவர்களைத் துரத்த வேண்டாம், அவர்களே அழைத்துக் கொடுப்பார்கள் என்று நம்பினேன்.

2024 மார்ச்சில், அந்த விதி நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே, ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பணம் தருவதற்காக அல்ல. "உங்கள் உத்யம் பதிவை ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவு இல்லாத ஆட்களிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு" என்றார்கள். உத்யம் என்பது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு, அதை வைத்துத்தான் இந்தக் கெடு எனக்குப் பொருந்துகிறது. எனக்குச் சட்டம் கொடுத்த ஒரே பாதுகாப்பை நானே கிழித்துப் போட வேண்டும், அப்போதுதான் ஆர்டர் தொடரும்! நான் ரத்து செய்யவில்லை. அந்த நிறுவனத்தின் ஆர்டர் அடுத்த ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தது.

ரத்து செய்யச் சொல்லாதவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஆண்டு கழியாத தொகை அடுத்த ஆண்டு பணம் கொடுத்ததும் கழிந்துவிடும். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே அளவு நிலுவையை இழுத்தடிக்கும் நிறுவனத்துக்கு, போன ஆண்டின் தொகை செலவுக் கணக்கில் உள்ளே வர, இந்த ஆண்டின் தொகை வெளியே போக, முதல் ஆண்டுக்குப் பிறகு வலி ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. மூன்று மடங்கு வட்டியையோ நாமே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு, தாமதப் பணம் பற்றிச் சிறு நிறுவனங்கள் முறையிடுவதற்கான சமாதான் என்ற அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அந்த நிறுவனத்தின் வாசலில் மறுபடி வேலை கிடைக்குமா என்பதைத் தொழிலில் இருக்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இந்த நிலைமையில் இருக்கிறவனிடம் வந்து, "வரியைச் சேமிக்க ஒரு மெஷின் வாங்கிப் போடுங்கள்" என்கிறார்களே, அந்தக் கணக்கைத் தயவுசெய்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி நீங்கலாக 10 லட்ச ரூபாய் இயந்திரம். இயந்திரத்தின் விலையை ஒரே ஆண்டில் செலவாகக் காட்ட முடியாது, ஆண்டுதோறும் ஒரு பங்கைத்தான் தேய்மானமாக வருமானத்திலிருந்து கழிக்கலாம். பொதுவான இயந்திரங்களுக்கு அது 15 சதவீதம். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான், அதாவது 7.5 சதவீதம். மார்ச்சில் வாங்கினால் இந்த ஆண்டு கழிவது 75,000 ரூபாய். 30 சதவீத வரம்பில் இருப்பவர் என்றே வைத்துக்கொண்டாலும், செஸ் என்ற கூடுதல் வரி நீங்கலாக மிச்சமாகும் வரி 22,500 ரூபாய். 22,500 ரூபாயைக் காப்பாற்ற 10 லட்சத்துக்குக் கடன் வாங்கச் சொல்கிறார்கள்! மீதித் தேய்மானம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் என்பது உண்மைதான். அப்படியென்றால் அந்த இயந்திரம் தேவைப்படும் நாளில் வாங்கிக்கொள்ளலாமே, மார்ச் 29-ஆம் தேதி இரவு எதற்காக லாரி வர வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒருவருடைய பட்டறையில் அப்படி வந்து இறங்கிய இயந்திரம் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல், மின் இணைப்புக்காக மே மாதம் வரை சுவரோரம் நின்றது. பயன்பாட்டுக்கே வராத இயந்திரத்துக்கு அந்த ஆண்டு தேய்மானமே கிடையாது. தவணை மட்டும் ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காப்பீட்டு முகவரின் பேச்சு இதைவிடக் கொடுமை. ஆண்டுக்கு 50,000 ரூபாய் பிரீமியம், 12 ஆண்டுகள் கட்ட வேண்டும், காப்பீடு, சேமிப்புகளுக்கு வரிக்கழிவு தரும் 80சி பிரிவில் கழிந்துவிடும் என்று படிவத்தை மேசையில் விரித்துவிட்டார். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், அதில் 80சி கழிவே கிடையாது. இதை அவர் கேட்கவும் இல்லை, நான் சொன்ன பிறகு, "அப்படியானால் பழைய முறைக்கு மாறிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சம்பளக்காரர்கள்போல ஆண்டுதோறும் மாறி மாறித் தேர்ந்தெடுக்கும் வசதி தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு இல்லை. பழைய முறைக்குப் போனால் புதியதற்கு ஒரே ஒரு முறைதான் திரும்ப முடியும், திரும்பிய பிறகு பழையதன் கதவு மூடிவிடும். ஒருவருடைய தொழிலின் வரி முறையையே மாற்றச் சொல்கிறவர் அவருடைய கடந்த ஆண்டுக் கணக்கையாவது பார்த்திருக்க வேண்டாமா?

பில் மட்டும் தருகிறேன், சரக்கு வேண்டாம் என்று தொலைபேசியில் கிசுகிசுக்கிறவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பொய்ப் பில்லைக் கணக்கில் ஏற்றினால் அந்தத் தொகை முழுவதையும் அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாட்டிக்கொள்வது நாம், விற்றவர் அதற்குள் சிம் கார்டை மாற்றியிருப்பார்.

என் ஆடிட்டர் ஆண்டுதோறும் சொல்வார்: "மார்ச்சில் நீங்கள் கொண்டுவருவது திட்டம் அல்ல, பதற்றம். செப்டம்பர் முடிந்ததும் வாருங்கள்." அவர் சொன்னதில் தவறே இல்லை. தேய்மானம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் இயந்திரம் ஓட வேண்டும். டிசம்பர் 15-க்குள் ஆண்டு வரியில் 75 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் அக்டோபரில் அமர்ந்து நான் போடும் எந்தத் திட்டமும், வர வேண்டிய பணம் சொன்ன தேதியில் வந்தால்தானே நிற்கும்? எப்போது வரும் என்று தெரியாத பணத்தை வைத்துக்கொண்டு எந்த ஆடிட்டராலும் ஒரு சிறுதொழில்காரனுக்கு வரித் திட்டம் போட முடியாது. இதை நிதியமைச்சகத்தில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்: குறு, சிறு நிறுவனங்கள் பணம் கைக்கு வந்த மாதத்தில் ஜிஎஸ்டி கட்டினால் போதும் என்று மாற்றுங்கள், தாமத வட்டியைச் சிறியவன் போய்க் கெஞ்சிக் கேட்கும்படி வைக்காமல், பெரிய நிறுவனத்தின் கணக்கிலிருந்து தானாகவே கழியும்படி செய்யுங்கள்.

எனக்கு முலாம் பூசிக் கொடுப்பவரும், ஹீட் ட்ரீட்மென்ட் செய்து கொடுப்பவரும் என்னைவிடச் சிறியவர்கள். நான் படுகிற பாட்டை அவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நேற்று வங்கி ஓவர்டிராஃப்டில் கடனாக எடுத்து இருவருக்கும் பாக்கியைத் தீர்த்துவிட்டேன். அந்த வட்டியும் என் தலையில்தான்.

இன்று மார்ச் 31. ஜனவரி 27-ஆம் தேதி பில்லுக்கு 63 நாள் ஆகிவிட்டது. மார்ச் 13-ஆம் தேதியோடு 45 நாள் கெடு முடிந்தது, அதற்கு இரண்டு நாள் கழித்து நான் அதற்கு வரி கட்டினேன். மாலையில் அழைத்தபோது, "ஆண்டு முடிவு வேலை நடக்கிறது, ஏப்ரல் பத்துக்கு மேல் பேசுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். வட்டியைக் கணக்கிட்டு, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்திருக்கிறேன். ஆர்டர் போனால் போகட்டும், காலையில் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.