ஓட்டைக்கு மேல் டேப் ஒட்டினால் அது ரிப்பேரா?

பழைய கேம்பர் (படுத்துத் தூங்க வசதியுள்ள பயண வண்டி) வாங்கிப் புதுப்பிக்கும் யாரைக் கேட்டாலும் இதே எரிச்சல்தான். கூரை மூலையில் வெள்ளை டேப், ஜன்னலைச் சுற்றி சிலிகோன் பசை, அதற்கு மேல் இன்னொரு டேப். விற்பவர் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், எல்லாவற்றையும் சீல் செய்துவிட்டேன், ஒரு சொட்டுகூட இறங்காது என்பார். எனக்கு விற்றவரும் அதையேதான் சொன்னார். நினைத்தாலே வயிறு எரிகிறது.

என்னுடையது 1970களில் அமெரிக்காவில் செய்த சின்ன டிரெய்லர். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் வெளியே தெரிவது மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே வண்டியைத் தாங்குவது மரச்சட்டம். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பில் ஓர் அலுமினியப் பட்டை ஓடும். பட்டைக்கு அடியில் தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் புட்டி என்ற பசை, மேலே வரிசையாக ஸ்க்ரூ. வருடங்கள் போகப் போகப் புட்டி காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் மழைத் தண்ணீர் ஒவ்வொரு ஸ்க்ரூ துளை வழியாகவும் நேராக மரத்துக்குள் இறங்கும். பட்டையைக் கழற்றி, பழைய புட்டியைச் சுரண்டி எடுத்து, புது சீல் வைத்துப் பூட்டினால்தான் இது தீரும். அதைச் செய்யாமல் பட்டைக்கு மேலேயே அகலமான டேப்பை இழுத்து ஒட்டினால் என்ன அர்த்தம்? ஏற்கனவே உள்ளே போன ஈரம் காய வழியில்லை. டேப்பின் ஓரம் எங்காவது ஒரு நூலளவு தூக்கினாலும் புதுத் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வராது.

பின்பக்க மூலையில் அந்த டேப்பை ஹீட் கன்னால் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். பசை கறுப்பாக நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் இருந்த ஸ்க்ரூக்களைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை, விரலால் பிடித்து இழுத்தாலே கையோடு வந்தன. தண்டைத் துரு அரித்து ஊசி மாதிரி ஆக்கியிருந்தது. பட்டையை எடுத்தால் உள்ளே மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுத்த ஈரத்தூள் கொட்டியது, அழுகல் நாற்றம் மூக்கில் ஏறியது. அந்த மூலையைத் தாங்கிக்கொண்டிருந்தது வெறும் தகடுதான். இதில் ஒரு குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலையில் இழுத்துப் போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள்!

டேப்பின் மேல் எனக்குக் கோபமே இல்லை. பியூட்டைல் டேப், அதாவது இரண்டு பக்கமும் ஒட்டும் மெத்தென்ற ரப்பர் பசைப் பட்டை, அருமையான பொருள். ஒரு அங்குல அகலம், அரைக்கால் அங்குலத் தடிமன். பல வருடம் ஆனாலும் எளிதில் இறுகாது, பிசுபிசுப்பு போகாது. இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். 5 மீட்டர் அலுமினியத் தகடு, குளிருக்கும் வெயிலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அதோடு சேர்ந்து இழுபடுகிற சீல்தான் நிற்கும். ஆனால் அதன் இடம் பட்டைக்கு அடியில், வெயில் படாத இடத்தில். ஸ்க்ரூவை இறுக்க இறுக்க இரண்டு பக்கமும் பிதுங்கி வரவேண்டும், ஒருநாள் விட்டு மறுபடி இறுக்கவேண்டும், பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவவேண்டும். அதற்கு முன்னால் தகட்டை ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்திருக்கவேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது.

கூரையில் ஒட்டும் அகல டேப்புக்கும் நியாயமான இடம் உண்டு. நல்ல மரத்தின் மேல், சுத்தம் செய்த மூட்டில், ரோலர் வைத்து அழுத்தி ஒட்டினால் நன்றாக உழைக்கும். அழுகலை மறைக்கவா அதைக் கண்டுபிடித்தார்கள்?

சிலிகோனைப் பற்றிப் பேசினால் கோபம் இன்னும் ஏறுகிறது. ஒருமுறை அதைப் பூசிவிட்டால் அந்த இடத்தில் வேறு எந்த சீலும் ஒழுங்காகப் பிடிக்காது. சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கிவிடும். ஒருவர் பத்து நிமிடத்தில் பூசிவிட்டுப் போனதை எடுக்க அடுத்தவர் நாள்கணக்கில் உட்கார்ந்து தேய்க்கவேண்டும். இன்னொரு கூட்டம் வீட்டுக்கூரைக்குப் போடும் தார் டேப்பை, சில கேம்பர்களில் இருக்கும் ரப்பர் கூரை மேல் ஒட்டிவைக்கிறது. தாரில் உள்ள பெட்ரோலியம், அந்தக் கூரைக்குப் போடும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். வாங்கும்போது உறையில் எழுதியிருப்பதைப் படித்தால்கூடப் போதுமே!

புதுப்பிக்கத் தெரியாவிட்டால் தப்பில்லை, எல்லாருக்கும் நேரமும் கருவியும் இருக்காது. அப்படியே விற்றுவிடுங்கள். மழையில் எங்கே சொட்டுகிறது என்று கையை நீட்டிக் காட்டுங்கள். ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார், மரம் வாங்கவும் பணம் எடுத்துவைப்பார். டேப் ஒட்டி மறைத்து அந்தப் பணத்தையும் சேர்த்து அவரிடமே பிடுங்காதீர்கள்.