வெளுத்த கியர் ஆயில் வெறும் பழைய ஆயில் அல்ல
படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கியர் ஆயில் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால், அது பழசாகிவிட்டது, புதிதாக ஊற்றினால் சரியாகிவிடும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. பழைய ஆயில் கறுக்கும்; வெளுக்காது. வெளுத்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். புது ஆயிலும் சில நாட்களில் அதே நிறத்துக்கு வந்துவிடும், இடையில் பேரிங் துருப்பிடிக்கும்.

சோதிப்பது எளிது. மோட்டாரை ஓர் இரவு முழுக்க நிமிர்த்தி வையுங்கள். காலையில், கியர் பெட்டியின் மேல் திருகைத் தொடாமல், கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயிலோடு நன்றாகக் கலந்துவிட்டால் தனியாகப் பிரியாது, அப்போது நிறமே சாட்சி.

பிறகு, தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்று அறிய, புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு) சுற்றிக்கொண்டு, தண்ணீரைத் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருப்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லையென்றால் திருகுகளின் வாஷரைப் பாருங்கள். பழைய வாஷரையே திரும்பப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.