ஆரா தெரிந்தால் வெட்டிவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் நடந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் விளையாட்டு) பற்றி நம்ம ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கதையில் பாலடின், அதாவது அறத்துக்காகப் போராடும் வீரர், அடகுக் கடைக்குள் போய், தீமை இருக்கிறதா என்று காட்டும் டிடெக்ட் ஈவில் பவரைப் போட்டார். 'இருக்கு' என்று கதையை நடத்தும் டிஎம் சொன்னதுதான் தாமதம், கல்லாவில் உட்கார்ந்திருந்தவரை வெட்டிவிட்டார். அந்த ஆள் கையில் ஒரு தராசு. கேட்டால், 'பாலடின்னா அப்படித்தான்.' அப்படி இல்லவே இல்லை.

நாம் ஆடுவது இந்த கேமின் 3.5 பதிப்பு. விதி தெளிவாக இருக்கிறது. 60 அடிக்குள், முதல் ரவுண்டில் தீமை உண்டா இல்லையா என்று மட்டும்தான் தெரியும். இரண்டாவதில் எத்தனை ஆரா (தீமையின் சுவடு), எவ்வளவு வலுவானது என்று தெரியும். மூன்றாவது ரவுண்டு வரை நின்றால்தான் அது எங்கிருந்து வருகிறது என்பதே தெரியும். தீய மந்திரப் பொருளுக்கும் ஆரா உண்டு. அது அடகுக் கடை! எவனோ வைத்துவிட்டுப் போன கத்தியாகவும் இருக்கலாமே? ஒரே ரவுண்டில் எப்படி முடிவு கட்டினீர்கள்?

சரி, கடைக்காரரே தீயவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் என்ன செய்தார் என்று ஆரா சொல்லாது. அப்பாவிகளுக்குத் தீங்கு செய்பவரைத் தண்டிக்கச் சொல்கிறது பாலடினின் கோட் (நடத்தை விதி). அது செயலைப் பற்றிய பேச்சு. தீயவருடன் தெரிந்தே கூட்டு சேரக் கூடாது என்றும் இருக்கிறதே என்பீர்கள். சேராதீர்கள். சேராமல் இருப்பதும் வெட்டுவதும் ஒன்றா?

'அப்புறம் அந்தப் பவர் எதுக்கு?' விசாரிக்கத்தான். கணக்கு நோட்டைப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் கேளுங்கள், ராத்திரி யார் வந்து போகிறார்கள் என்று கவனியுங்கள்.

'வெறும் கேம்தானே, ஏன் இவ்வளவு டென்ஷன்?' என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன். நைட் ஷிப்ட் முடித்து நானும் அண்ணா நகர் நண்பனும் ஆளுக்கொரு வண்டியில் வந்தோம். வாகனச் சோதனை. 'எந்த ஏரியா?' அவன் சொன்னான், அனுப்பிவிட்டார்கள். நான் காசிமேடு என்றேன். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பையைக் கொட்டி, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று முத்திரை குத்த 1871-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டமே போட்டான். குற்றப் பரம்பரைச் சட்டம். நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆனது. இதெல்லாம் தெரிந்த நம்ம பசங்களே கேமில் நல்லவன் வேஷத்தில் அதைச் செய்துவிட்டுக் கைதட்டினால் எனக்கு வலிக்கும். வலிக்கக் கூடாதா?

டிஎம் அண்ணா, தெரிந்தே தீய செயல் செய்த பாலடின் பவரை இழப்பார் என்பதும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. வருகிற வாரம் அதைச் செய்யுங்கள். அவர் அட்டோன்மென்ட் (பாவப் பரிகாரம்) தேடிப் போகட்டும், நான் ஆடும் பாத்திரமான கிளெரிக் (பூசாரி) கூடவே வருவாள். 'பரவாயில்லை, விடு' என்று தாண்டிப் போவதாக இருந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்.