அந்த வேலியைக் காயவிடுங்கோ

யாழ்ப்பாணத்தில இப்ப ஒரு கலைக் கண்காட்சி நடக்குது. இடம் எதெண்டு சொல்லேல்லை, வீண் பிரச்சினை. அங்க ஒரு தங்கச்சி தென்னோலையை ஊறவைக்காமல் பச்சையாவே பின்னி, கதியால் நட்டு, மண்டபத்துக்குள்ளயே ஒரு கிடுகுவேலி அடைச்சிருக்கிறா. முதல் நாள் படியேறவே பச்சை ஓலை மணம். அஞ்சாம் நாள் திரும்பப் போனன். நுனி சுருண்டு, மஞ்சளடிச்சு, பின்னல் இளகி, அங்கால நிக்கிற ஆளின்ரை முகம் கீறல் கீறலாத் தெரியுது. அவ காட்ட நினைச்சதே அதுதான்.

பத்தாம் நாள் பார்த்தால் வேலி பச்சை! ஆரோ பெரிய ஆள் பார்க்க வாறாராம், வாடினது வடிவில்லையாம். ஏற்பாட்டாளர்களே புது ஓலை கட்டிப்போட்டினம். தங்கச்சியிட்டை ஒரு சொல் கேக்கேல்லை.

"வேலி எண்டால் வருஷா வருஷம் அடைக்கிறதுதானே அண்ணை" எண்டார் ஒருத்தர். நியாயமான கதை. எனக்கு உடன மறுமொழி வரேல்லை. பாதி வழியில, சைக்கிள் மிதிக்கேக்கதான் வந்தது: அடைக்கிறது வளவுக்காரன் எல்லோ!

பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹெர்ஸ்ட் 1991இல, உடல் கெடாமல் வைக்கிற ஃபார்மலினுக்குள்ள போட்டுக் கலைப்படைப்பாக் காட்டின சுறா கெட்டுப்போச்சு. 2006இல வேற சுறா வைச்சினம், ஹெர்ஸ்டே முன்னுக்கு நிண்டு மாத்தினார். அமெரிக்கக் கலைஞர் ஸோயி லியோனார்ட் நேர்மாறு. 1992இல எய்ட்ஸால சிநேகிதர் செத்த பிறகு, தின்ற வாழைப்பழம், தோடம்பழத் தோலுகளை ஊசி நூலால திரும்பத் தைச்சு மூடினா. ஏறக்குறைய 300. தோல் கெடாமல் வைக்க ஒரு நிபுணர் வழியும் கண்டுபிடிச்சுக் குடுத்தார். பார்த்திட்டு, வேண்டாம் எண்டிட்டா. பிலடெல்பியா அருங்காட்சியகத்திட்டை அது இண்டைக்கும் சுருங்கிக்கொண்டுதான் கிடக்கு. ஒருத்தர் மாத்தினார், மற்றவ விட்டா. ரெண்டும் செய்தவையின்ரை முடிவு.

எங்களுக்கு இதொண்டும் புதுசில்லை. விளக்கீட்டுக்குச் சொக்கப்பனை கட்டுறதே கொளுத்தத்தான், அதை அணைக்க ஒருத்தரும் வாளியோட ஓடுறேல்லை. ஆனால் 1981இல யாழ் நூலகத்தை எரிச்சதையும் இதுக்குள்ள இழுத்து, "எல்லாம் அநித்தியம்தானே" எண்டு தத்துவம் பேசுறவை தயவுசெய்து கொமெண்டுக்கு வராதேங்கோ.

நேற்றும் போனன். புது ஓலையும் நுனியில மஞ்சளடிக்கத் தொடங்கீட்டுது. ஞாயிறு வரைக்கும் இருக்கு, இடம் தெரிஞ்சவை போய்ப் பாருங்கோ. கை வைக்காதேங்கோ.