கொத்தனாருக்கு ஆண்ட பரம்பரை கிடைத்த கதை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது ‘டெம்ப்ளர் ரகசியம், ஃப்ரீமேசன் சதி’ என்று ஒரு வீடியோவைத் தட்டிவிடுவார். டெம்ப்ளர் என்றால் சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்கள், ஃப்ரீமேசன் என்றால் சடங்குகளும் படிகளும் கொண்ட ஒரு சகோதர சங்கம். சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளை அங்கி, மண்டை ஓடு, பின்னணியில் திகில் இசை. உச்சியில் யாரோ உட்கார்ந்துகொண்டு உலகத்தையே ஆட்டிவைக்கிறார்களாம். போன வாரம் வந்த வீடியோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, அதனால் இங்கே போடுகிறேன்.

மாமா, உச்சியில் யாரும் இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அந்த ஃப்ரீமேசன்களேதான்.

ஃப்ரீமேசன் அமைப்பு கல்தச்சர்களின் சங்கத்திலிருந்து பழக்கவழக்கங்களை எடுத்துக்கொண்ட ஒன்று. அதன் மூன்று அடிப்படைப் படிகளையும் நம்மூர் சாரத்தில் நின்று சொன்னால் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. லண்டனில் இதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. பிரான்ஸுக்குப் போனதும்தான் சிக்கல். லாட்ஜில் (ஃப்ரீமேசன் கிளைக்கு அதுதான் பெயர்) சேர்ந்த பிரபுக்களுக்குக் ‘கொத்தனார் வாரிசு’ என்பது அவ்வளவாக ருசிக்கவில்லை போலிருக்கிறது. 1736-ல் ஆண்ட்ரூ மைக்கேல் ராம்சே என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாரிஸில் ஓர் உரை எழுதி வாசித்தார். நம் முன்னோர் கல் செதுக்கியவர்கள் அல்ல, சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் என்றார். நம்மூரில் சங்கத்துக்குச் சங்கம் ‘ஆண்ட பரம்பரை’ போஸ்டர் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த உரையில் டெம்ப்ளர்கள் பெயரே கிடையாது. அவர் சொன்னது இன்னொரு சிலுவைப் போர் அமைப்பான புனித யோவான் வீரர்களை.

டெம்ப்ளர்களை உள்ளே கூட்டிவந்தது பின்னால் வந்தவர்கள். அசல் டெம்ப்ளர்களை 1307 அக்டோபர் 13 அன்று பிரெஞ்சு அரசர் கைது செய்தார். 1312-ல் போப் அமைப்பையே கலைத்தார். 1314-ல் தலைவர் ஜாக் டி மொலேயை எரித்தார்கள். அதன்பின் நானூறு வருஷ இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பக் கிளம்பியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜெர்மானியப் பிரபு கார்ல் ஃபான் ஹுண்ட்.

இவர் சொன்னது இது. 1740-களின் தொடக்கத்தில் பாரிஸில் ‘சிவப்பு இறகு வீரர்’ என்ற முகம் தெரியாத ஒருவர் தன்னை டெம்ப்ளராக்கினார், ஸ்காட்லாந்தின் கில்மார்னக் பிரபுவும் அப்போது கூட இருந்தார், ‘மேலிடத்திலிருந்து கடிதம் வரும், காத்திரு’ என்று சொல்லி அனுப்பினார்கள். சிவப்பு இறகு வேறு யாருமல்ல, பிரிட்டிஷ் அரியணையை இழந்த வம்சத்தின் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டேதான் என்று ஹுண்ட் நம்பினார். 1750-களில் அவர் கட்டியெழுப்பிய ஃப்ரீமேசன் அமைப்புக்குப் பெயர் ஸ்ட்ரிக்ட் அப்சர்வன்ஸ், அதாவது ‘கண்டிப்பான கடைப்பிடிப்பு’. சித்தாள், கொத்தனார், மேஸ்திரிக்கு மேலே ஸ்காட்டிஷ் மாஸ்டர், அதற்கு மேல் நோவிஸ் (பயிற்சி வீரர்), அதற்கும் மேல் வீரர். வீரரானால் லத்தீனில் ஒரு பெயர், ஒரு கேடயச் சின்னம். ஹுண்டின் பெயருக்கு ‘வாளின் வீரர்’ என்று பொருள். ஐரோப்பாவையே மாகாணங்களாகப் பிரித்தார்கள். உறுப்பினர் எல்லோரும் ‘அறியப்படாத மேலிட’த்துக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தார்கள்.

மேலிடத்திலிருந்து கடிதம் வரவேயில்லை. சாட்சி சொல்லக் கில்மார்னக்கும் இல்லை. ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணையை மீட்கக் கிளம்பிய கலகத்தில் சேர்ந்ததற்காக 1746-லேயே லண்டனில் அவர் தலையை வெட்டியாகிவிட்டது. ஹுண்ட் கையில் இருந்த நியமனப் பத்திரமோ யாராலும் படிக்க முடியாத சங்கேத எழுத்தில் இருந்தது. அவரைப் பொய்யர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபதாவது வயதில் யாரோ விளையாட்டாகவோ நிஜமாகவோ செய்த ஒரு சடங்கை நம்பி, கடைசிவரை தபாலுக்குக் காத்திருந்த மனிதராகத்தான் தெரிகிறார். 1776-ல் இறந்தார். அடுத்த வருஷம் ஒரு தூதர் இத்தாலிக்குப் போய் சார்ல்ஸ் எட்வர்டிடமே கேட்டார். நான் ஃப்ரீமேசனே கிடையாது என்று பதில் வந்தது.

நடுவில் ஒருவரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. இந்த அமைப்பின் வரவு செலவுக்குத் திட்டம் போட்டவர் ஷூபார்ட். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய் மாட்டுத் தீவனத்துக்குக் க்ளோவர் என்ற பயிரைப் பயிரிடச் சொல்லிப் பிரசாரம் செய்தார். பேரரசர் இரண்டாம் ஜோசஃப் அவருக்குப் பிரபுப் பட்டமே கொடுத்தார், ‘க்ளீஃபெல்ட்’ என்று. அதாவது க்ளோவர் வயல்! லத்தீன் பட்டங்களை எல்லாம்விட இதுதான் உருப்படியான பட்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹுண்டுக்குப் பின் தலைமையில் இருந்தவர் பிரன்ஸ்விக் டியூக் ஃபெர்டினாண்ட். 1780-ல் அவர் எல்லா லாட்ஜுகளுக்கும் கேள்விகள் அனுப்பினார். நாம் நிஜமாகவே ஒரு பழைய அமைப்பின் வாரிசுகளா? மேலிடம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் யார்? ஒரு தலைவர் தன் அமைப்பைப் பற்றித் தன் ஆட்களிடமே இப்படிக் கேட்டதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. பிரான்ஸ், இத்தாலி எல்லையில் இருந்த சவாய் நாட்டு இளைஞர் ஜோசஃப் டி மேஸ்த்ர் எழுதிய பதிலின் சாரம்: டெம்ப்ளர்களை உண்டாக்கியது மதவெறி, ஒழித்தது பேராசை, அவ்வளவுதான்.

1782 ஜூலையில் ஜெர்மனியின் ஹனாவு பக்கத்தில் வில்ஹெல்ம்ஸ்பாத் என்ற ஊரில் கூடி ஒன்றரை மாதம் பேசினார்கள். கடைசியில், நாங்கள் டெம்ப்ளர்களின் நேரடி வாரிசுகள் அல்ல என்று முடிவெடுத்தார்கள். லியோன் நகரப் பட்டு வியாபாரி வில்லர்மோஸ் முன்வைத்த புதிய படிவரிசை ஏற்கப்பட்டது. அதில் கடைசிப் படியின் பெயர் ‘புனித நகரின் ஈகை வீரர்’. அந்த முறை சுவிட்சர்லாந்தில் தப்பிப் பிழைத்து இன்றும் இருக்கிறது.

மாமாவின் வீடியோக்கள் பயமுறுத்தும் இல்லுமினாட்டி என்ற ரகசியக் குழுவும் இங்கேதான் வருகிறது. 1776-ல் பவேரியாவில் தொடங்கிய அந்தக் குழுவின் ஆள்பிடிப்பாளர் க்னிகே, வில்ஹெல்ம்ஸ்பாத்தில் மனம் உடைந்தவர்களைத்தான் வலைவீசிப் பிடித்தார். 1785-க்குள் பவேரிய அரசு அதைத் தடைசெய்து முடித்துவிட்டது. மொத்த ஆயுள் பத்து வருஷம்கூட இல்லை.

டெம்ப்ளர் என்ற பெயரில் ஃப்ரீமேசன் படிகள் இன்றும் உண்டு. அமெரிக்காவில் அந்தப் படிகளின் பெயர்கள் வரிசையாக செஞ்சிலுவை, மால்டா, டெம்பிள். பாஸ்டனில் 1769-லேயே டெம்ப்ளர் படி கொடுத்த பதிவு இருக்கிறது. அசல் டெம்ப்ளர்களின் வாரிசுகள் நாங்கள் இல்லை என்று இப்போது அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். வாள், இறகு வைத்த தொப்பி எல்லாம் அப்படியேதான். ஆனால் அமெரிக்க டெம்ப்ளர்கள் 1956-லிருந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள். கண் நோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதுதான் அதன் வேலை, குறிப்பாகக் குழந்தைகளின் கண்ணுக்கு. மாமா, அதைப் பற்றி ஒரு வீடியோ கிடைத்தால் அனுப்புங்கள்.